‘ப’ வடிவில் உட்கார்ந்தால் கடைசி பெஞ்ச் ஒழிந்துவிடுமா?

சாக்பீஸ் வாத்தியார்:
வகுப்பில் பிள்ளைகளை ‘ப’ வடிவில் உட்கார வைக்கச் சொல்லி 2025 ஜூலையில் பள்ளிக் கல்வித் துறை அறிவுறுத்தியது. ஒரு மலையாளப் படத்தைப் பார்த்துக் கேரளப் பள்ளிகள் சில செய்ததுதான் இங்கேயும் வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளிலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம். என் ஆறாம் வகுப்பில் 24 பேர். ஒரு பருவம் ‘ப’ போட்டுப் பார்த்தேன். அதுவரை வாயே திறக்காத ஒரு பெண், எதிர்ப்பக்கத்துப் பையன் தப்பாகச் சொன்னதும் “இல்லடா, அது அப்படி இல்ல” என்றாள். பழைய வரிசையாக இருந்தால் அவளுக்குத் தெரிந்திருப்பது அவன் பிடரிதான்.

அளவுகோல்:
சார், உங்களுக்கு 24 பேர். நான் கட்டட வரைபடம் போடுகிறவன், கணக்காகவே சொல்கிறேன். 20க்கு 20 அடி அறை. மூன்று பக்கம் சேர்த்து 60 அடி. மூலைகள், வாசல், பீரோ இதெல்லாம் போனால் 45 மிஞ்சும். தலைக்கு ஒன்றரை அடி என்றால் 30 பேர். வகுப்பில் 45 பேர் இருந்தால்? ‘ப’வுக்குப் பின்னால் இன்னொரு ‘ப’ போட வேண்டும். அங்கே உட்காருகிறவன் யார்? அதே கடைசி பெஞ்ச்தான், இப்போது சுவரோடு ஒட்டிக்கொண்டு.

அப்புறம் வெளிச்சம். வலக்கையால் எழுதுகிறவனுக்கு இடப்பக்கம் ஜன்னல் இருந்தால்தான் கை நிழல் நோட்டில் விழாது. அதனால்தான் கரும்பலகை எந்தச் சுவரில் என்று முதலிலேயே முடிவு செய்கிறோம். ‘ப’ போட்டால் ஒரு பக்கம் ஜன்னலுக்கு முதுகு காட்டும், எதிர்ப்பக்கம் வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கும். இரண்டு பக்கமும் நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பியே பலகையைப் பார்க்க வேண்டும்.

கடைசிபெஞ்ச் கண்ணன்:
நான் அங்கே விரும்பித்தான் உட்கார்ந்தேன். யாராவது எங்களைக் கேட்டார்களா? 😄

பாய்க்காரி:
பெஞ்ச் இருந்தால்தானே இந்தச் சண்டை? சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003ல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது, பிறகு மாநிலம் முழுக்கப் போனது. நான் அதில் படித்தவள். பாயில் வட்டமாக உட்காருவோம், டீச்சரும் கீழேதான். சுவரைச் சுற்றி எங்கள் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம். மேலே கம்பிப் பந்தலில் நாங்கள் வரைந்த படங்கள் தொங்கும். பலகை வாத்தியாருடையது என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை. ஆறாம் வகுப்புக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்த அன்றுதான் வந்தது.

அளவுகோல்:
அது வேறு, அங்கே பாடமுறையே மாறியிருந்தது. அட்டையை எடுத்துக் குழுவாக உட்கார்ந்து அவரவர் வேகத்தில் படித்தீர்கள், அதற்கு வட்டம் பொருந்தியது. நடுவில் நின்று முக்கால் மணி நேரம் ஒருவரே பேசுகிற வகுப்புக்கு எதற்கு ‘ப’?

என் கேள்வி, பெஞ்சைத் திருப்புவதற்கு முன்னால் கூரையைப் பார்த்தோமா என்பதுதான். இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2015ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 27 தொடக்கப் பள்ளிகள், 153 வகுப்பறைகள். ஓராண்டில் பிள்ளைகள் முன்னேறிய அளவில் இருந்த வேறுபாட்டில் 16 சதவீதத்துக்கு வகுப்பறைதான் காரணம் என்றார்கள். அதில் ஏறக்குறையப் பாதிப் பங்கு வெளிச்சம், வெப்பம், காற்றோட்டம். நான் படித்த பள்ளியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மழை வந்தால் பாடம் நின்றுவிடும், மே மாதச் சிறப்பு வகுப்பில் மண்டை காயும். எந்த எழுத்து வடிவில் உட்கார்ந்திருந்தாலும் ஒன்றுதான்.

சாக்பீஸ் வாத்தியார்:
கூரையை மாற்ற நிதி வர வேண்டும். பெஞ்சைத் திருப்ப நானும் நாலு பையன்களும் போதும். என் கையில் இருப்பதைத்தானே நான் செய்ய முடியும்?

ஆனால் 45 பேருக்கு ஒத்துவராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஜன்னல் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. வலப்பக்கம் உட்கார்ந்த இரண்டு பேர் அடிக்கடி இடம் மாற்றக் கேட்டார்கள், குறும்பு என்று அதட்டி உட்கார வைத்தேன்.

பாய்க்காரி:
கணக்குப் பாடத்துக்கு வரிசை, தமிழ்க் கலந்துரையாடலுக்கு ‘ப’ என்று மாற்றி மாற்றிப் போடலாமே சார்?

சாக்பீஸ் வாத்தியார்:
போடலாம்மா. இரும்புக்கால் பெஞ்ச், ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் கீழ் வகுப்பு டீச்சர் மாடியேறி வந்துவிடுகிறார். காலுக்கு மாட்ட ரப்பர் புஷ் எங்கே மலிவாகக் கிடைக்கும்? யாருக்காவது தெரியுமா?