கோயில் உபயப் பட்டியலில் தேதியும் கிழமையும்: ஜாவாஸ்கிரிப்டில் சரியாகக் காட்டுவது எப்படி?

கேள்வி (பீடோங்வாசி)

வணக்கம். கெடாவில் பீடோங்கை ஒட்டிய தோட்டக் கோயில் ஒன்றின் செயலவைக்காக, உபயக்காரர்களின் பெயரும் அவரவர்க்குரிய நாளும் கைப்பேசியில் தெரியும்படி ஒரு சிறிய பக்கத்தை ஜாவாஸ்கிரிப்டில் எழுதி வருகிறேன். மலேசியத் தமிழுக்கான ‘டிஏ-எம்ஒய்’ என்ற மொழிக் குறியைக் கொடுத்தால் கிழமைப் பெயர் தமிழிலேயே கிடைக்கிறது; ஆனால் மூன்று இடங்களில் சிக்கல். நாள்காட்டிக் கட்டத்தின் தலைப்புக்காக ஒவ்வொரு பெயரின் முதல் எழுத்தையும் ‘சப்ஸ்டிரிங்’ கொண்டு வெட்டினால் செவ்வாயும் சனியும் ‘ச’ என்றும், வியாழனும் வெள்ளியும் ‘வ’ என்றும் வருகின்றன. முழுப் பெயருடன் ‘க்கிழமை’ என்று ஒட்டினால் செவ்வாய், வெள்ளி, சனிக்குச் சரியாக இருக்கிறது, மற்ற நாள்களில் ‘புதன்க்கிழமை’, ‘ஞாயிறுக்கிழமை’ என்று வந்து செயலவைத் தலைவர் சிரிக்கிறார். இவற்றைவிடப் பெரிய கவலை, 2025 ஏப்ரல் 11 என்று பதிந்த உபயம் தரவுத்தளத்தில் ஏப்ரல் 10 என்று சேமிக்கப்படுவதுதான். தேதியை எழுத்துச் சரமாக மாற்றும் ‘டூஐஎஸ்ஓஸ்டிரிங்’ தரும் சரத்தின் முதல் பத்துக் குறிகளைத்தான் சேமிக்கிறேன்.

மறுமொழி (நிரல்நெசவு)

முதல் இரண்டுக்கும் நான் பதில் சொல்கிறேன். நாம் ஓர் எழுத்தாகப் படிக்கும் ‘செ’, யூனிகோடில் ‘ச’ என்ற அகரமேறிய எழுத்தும் அதன்பின் வரும் ஒற்றைக்கொம்புக் குறியுமாக இரண்டு குறியீடுகள். ‘வி’, ‘வெ’ ஆகியவையும் அப்படியே. ‘சப்ஸ்டிரிங்’ குறியீடுகளைத்தான் எண்ணுமே தவிர, எழுத்துகளை எண்ணாது என்பதால் கொம்பும் விசிறியும் கழன்று, வெறும் உடல் மட்டும் மிஞ்சுகிறது. வெட்டுவதையே விட்டுவிடுங்கள். தேதியை அந்தந்த மொழியில் எழுதித் தரும் ‘இன்டல்.டேட்டைம்ஃபார்மட்’டில் ‘வீக்டே’ என்ற விருப்பத்துக்கு ‘நேரோ’ என்று கொடுத்தால் ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று ஏழும் வேறுவேறாகவே வரும். ஆள் பெயர்களின் முதலெழுத்தை எடுக்க வேண்டி வந்தால் ‘இன்டல்.செக்மென்டர்’ இருக்கிறது, அது கொம்பையும் புள்ளியையும் எழுத்தோடு சேர்த்தே எண்ணும்.

கிழமைக்கு வேறு வழியே இல்லை, ஏழு பெயர்களையும் ஒரு பட்டியலாக நீங்களே எழுதி வைக்க வேண்டும்: ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை, புதன்கிழமை, வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை. ஏழு நாளுக்காகப் புணர்ச்சி விதியை நிரலாக எழுத முனைவது வீண் வேலை. பட்டியலை ஞாயிற்றிலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் கிழமையை எண்ணாகச் சொல்லும் ‘கெட்டே’ ஞாயிற்றை 0 என்றே தருகிறது. பின்னாளில் இதே பட்டியலைப் பைத்தான் நிரல்மொழிக்குக் கொண்டு போனால் கவனம் தேவை, அங்கே ‘வீக்டே’ திங்களைத்தான் 0 என்று எண்ணும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டத்தில் விடுமுறை நாள்களுக்கு நிறம் கொடுப்பதாக இருந்தால், உலாவி தரும் வார விவரம் நாட்டுக்கு ஒன்றுதான், மாநிலத்துக்கு ஒன்றன்று. கெடாவின் வெள்ளி, சனி விடுமுறையை நீங்களே குறிக்க வேண்டும்.

மறுமொழி (பழைய ஃபோர்மென்)

தம்பி, தேதி ஒரு நாள் பின்வாங்குவதற்குக் காரணம் அந்த ‘டூஐஎஸ்ஓஸ்டிரிங்’ தான். ஆண்டு, மாதம், நாள் என்று கொடுத்து நீங்கள் உருவாக்கும் தேதி, நம் ஊர் நேரப்படி ஏப்ரல் 11 நள்ளிரவைக் குறிக்கிறது. அதே நொடியில் உலகப் பொது நேரம் (யூடிசி) ஏப்ரல் 10 மாலை 4 மணி. சரமாக மாற்றும்போது நிரல் பொது நேரத்தை எழுதுகிறது, நீங்கள் அதன் முதல் பத்துக் குறிகளை வெட்டிச் சேமிக்கிறீர்கள். உபயநாள் என்பது ஒரு நொடியன்று, வெறும் நாள். ஆகவே ‘கெட்ஃபுல்இயர்’, ‘கெட்மந்த்’, ‘கெட்டேட்’ ஆகிய மூன்றையும் எடுத்து, மாதத்துடன் 1 கூட்டி (ஜாவாஸ்கிரிப்ட் மாதங்களை 0இலிருந்து எண்ணும்), ஓரிலக்க எண்ணுக்கு முன் பூச்சியம் இட்டு, சரமாகவே சேமியுங்கள். திரும்பப் படிக்கும்போதும் அதே கவனம் வேண்டும். நேரம் இல்லாத வெறும் தேதிச் சரத்தை ‘டேட்’டுக்குக் கொடுத்தால் அது பொது நேர நள்ளிரவாகக் கொள்ளப்படும், இங்கே அது காலை 8 மணி ஆவதால் நாள் மாறாது, ஆனால் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் பக்கத்தைத் திறந்தால் முந்தைய நாளே தெரியும். சரத்தைப் பிரித்து மூன்று எண்களாகக் கொடுப்பதே பாதுகாப்பு.

‘8 மணி நேரத்தைக் கையால் கூட்டினால் போயிற்று’ என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். தீபகற்ப மலேசியாவின் நேரம் 1981 முடியும் வரை பொது நேரத்தைவிட ஏழரை மணி நேரமே முன்னால் இருந்தது, 1982 பிறந்தபோதுதான் எட்டு மணி ஆயிற்று. உறுப்பினர் பட்டியலில் 1975இல் பிறந்தவருடைய பிறந்த நாள் நள்ளிரவிலிருந்து 8 மணி நேரத்தைக் கழித்துப் பொது நேரமாகச் சேமித்தீர்களானால், நேர வலயத்தை அறிந்த உலாவி அதை முந்தைய நாள் இரவு 11.30 என்று காட்டும். கோயிலில் பாதிப் பேர் அந்தக் காலத்துப் பிறப்புதானே!

கேள்வியாளர் (பீடோங்வாசி)

இரு அண்ணன்மாருக்கும் நன்றி. சேமிப்பு இப்போது சரியாக இருக்கிறது. செயலவையினர் ஆங்கிலத் தேதிக்குக் கீழே தமிழ் மாதத் தேதியும் வேண்டும் என்கிறார்கள். ‘இண்டியன்’ என்று ஒரு நாள்காட்டி வகை இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமா?

மறுமொழி (நிரல்நெசவு)

கூடாது. அது இந்திய அரசு 1957இல் ஏற்ற சக ஆண்டு நாள்காட்டி. அதன் முதல் மாதமான சைத்திரம் மார்ச் 22இல், நெட்டாண்டானால் 21இல் தொடங்கும். நம் சித்திரையோ ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. நீங்கள் சொன்ன 2025 ஏப்ரல் 11 அந்தக் கணக்கில் சைத்திரம் 21. கோயிலில் அன்று பங்குனி இன்னும் முடியவில்லை. தமிழ் மாதத்தின் நீளம் சூரியன் ராசி மாறும் நேரத்தைப் பொறுத்து 29 முதல் 32 நாள் வரை வேறுபடுவதால் எளிய சூத்திரமும் உதவாது. உங்கள் குருக்கள் பார்க்கும் பஞ்சாங்கத்திலிருந்து பன்னிரண்டு மாதப் பிறப்புத் தேதிகளை மட்டும் ஆண்டுதோறும் ஒரு பட்டியலில் பதியுங்கள். உபயநாளன்றோ அதற்கு முன்போ வந்த கடைசி மாதப் பிறப்பைக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் உள்ள நாள் வித்தியாசத்துடன் 1 கூட்டினால் தமிழ்த் தேதி வந்துவிடும்.