வெள்ளித்தாள் வாளும் இடுப்புக் கத்தியும்

சித்தி: எல்லோருக்கும் காலை வணக்கம். சின்னவனுக்கு ஆண்டுவிழாவில் நாடகம். இங்கிலாந்தில் 1340 வாக்கில் ஒரு கிராமத்துச் சந்தை, அதில் இவன் விவசாயி. நேற்று ராத்திரி உட்கார்ந்து அட்டையில் வாள் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிவிட்டேன், பாருங்கள்.

[படம்]

அத்தை: அருமையாக வந்திருக்கிறது. கைப்பிடிக்கு என்ன சுற்றினாய்?

சித்தி: பழைய புடவை ஜரிகைதான் அண்ணி.

அக்கா: சித்தி, வாள் ரொம்ப நன்றாக இருக்கிறது, ஆனால் சந்தைக்குப் போகிற விவசாயி கையில் அதைக் கொடுக்க வேண்டாம். 1328இல் நார்த்தாம்ப்டன் என்ற ஊரில் கூடிய மன்றத்தில் மூன்றாம் எட்வர்டு ஒரு சட்டம் போட்டார். சந்தையிலோ திருவிழாக் கடைவீதியிலோ பகலிலும் இரவிலும் ஆயுதம் தாங்கித் திரியக் கூடாது. மீறினால் ஆயுதம் பறிமுதல், ஆளுக்குச் சிறை. அவனுக்கு இடுப்பில் உறை போட்ட ஒரு சின்னக் கத்தி போதும்.

சித்தப்பா: அப்படியானால் ஊர் ஜனங்களிடம் ஆயுதமே இல்லையா? போர் எல்லாம் குதிரை வீரர்கள் வேலைதானா?

அக்கா: இல்லை சித்தப்பா. வீட்டில் ஆயுதம் வைத்திருந்தே ஆக வேண்டும் என்றுதான் சட்டம். நான் படித்ததில் என்னை மிகவும் பிடித்துக்கொண்ட விஷயமே இதுதான். 1181இல் இரண்டாம் ஹென்றி போட்ட ஆணையில், அடிமைப்படாத குடியானவன், ஊர் வணிகன் எல்லோரும் பஞ்சு வைத்துத் தைத்த கனத்த மேலங்கி, இரும்புத் தொப்பி, ஈட்டி மூன்றும் வைத்திருக்க வேண்டும். வசதி கூடினால் வளையங்கள் கோத்த இரும்புச் சட்டையும் வேண்டும். அதை விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, இரவல் கொடுக்கக் கூடாது. அப்பன் செத்தால் மகனுக்கு.

அத்தை: அடகு வைக்கக் கூடாது என்று சட்டத்தில் எழுத வேண்டி வந்தது என்றால், வைத்தவர்கள் இருந்திருப்பார்கள். பஞ்ச காலத்தில் இரும்பை வைத்துக்கொண்டு என்ன சாப்பிடுவது?

அக்கா: நானும் அப்படித்தான் நினைக்கிறேன் அத்தை.

அக்கா: அதன் பிறகு 1285இல் முதலாம் எட்வர்டு வின்செஸ்டரில் போட்ட சட்டம். 15 வயது முதல் 60 வயது வரை ஒவ்வொரு ஆணும் அவரவர் நிலத்துக்கும் சொத்துக்கும் தகுந்தபடி ஆயுதம் வைக்க வேண்டும். ஆண்டுக்கு 15 பவுண்டு வருமானம் தரும் நிலம் இருந்தால் இரும்புச் சட்டை, தலைக்கவசம், வாள், கத்தி, ஒரு குதிரை. 40 ஷில்லிங்குக்கு மேல் 100க்குள் என்றால் வாள், வில், அம்பு, கத்தி. அதற்கும் கீழே உள்ளவர்களுக்கு வெட்டுக்கத்தி பொருத்திய நீளக் கம்பும் கத்திகளும். ஆண்டுக்கு இரண்டு தடவை எல்லோரும் தங்கள் ஆயுதத்தை எடுத்துவந்து காட்ட வேண்டும், அதைப் பார்க்க ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

மாமா: கான்ஸ்டபிளா? அந்தக் காலத்திலேயே அந்தப் பெயரா? முப்பத்து நான்கு வருஷம் காக்கி போட்டவன் நான், இது தெரியாமல் போயிற்றே. அவர்கள் வேறு என்னம்மா செய்தார்கள்?

அக்கா: அப்போது போலீஸ் என்று தனியாக ஒரு படை கிடையாது மாமா, ஊர்தான் போலீஸ். ஆயுதம் வைக்கச் சொன்னதே பாதி அதற்காகத்தான். சூரியன் மறைந்தால் மதில் சூழ்ந்த ஊர்களின் கதவை விடியும்வரை சாத்திவிட வேண்டும். வெயில் காலம் முழுக்க, செப்டம்பர் கடைசிவரை, நகரத்தில் வாசலுக்கு ஆறு பேர் இரவுக் காவல். கிராமத்திலும் நாலோ ஆறோ பேர் நிற்க வேண்டும். தெரியாத ஆள் ராத்திரி வந்தால் விடியும்வரை பிடித்துவைக்க வேண்டும். திருட்டு நடந்தால் கூக்குரல் எழுப்ப வேண்டும், கேட்டவர்கள் எல்லாம் கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் துரத்த வேண்டும். 40 நாளுக்குள் கொள்ளையனைப் பிடித்துக் கொடுக்காவிட்டால் அந்த வட்டாரத்து ஜனங்களே நஷ்டத்தைக் கட்ட வேண்டும்.

மாமா: ராத்திரி பாரா, சந்தேகத்தில் பிடிப்பது, துரத்துவது, எல்லாம் நாங்கள் செய்த வேலைதான். ஆனால் சம்பளமும் இல்லாமல், பிடிக்காவிட்டால் கைக்காசும் போகும் என்றால் அந்த மனிதர்கள் பாவம். மறுநாள் விடிந்ததும் ஏர் பிடிக்கவும் போக வேண்டுமே.

அக்கா: இன்னொன்றும் உண்டு மாமா. சந்தை ஊர்களுக்குப் போகும் பெரிய சாலையின் இரண்டு பக்கமும் 200 அடிக்குப் புதர், பள்ளம் எதுவும் இருக்கக் கூடாது, ஆள் பதுங்குவான் என்று. பெரிய மரங்களை மட்டும் விட்டுவிடலாம்.

மாமா: இது அனுபவப்பட்டவன் எழுதிய சட்டம்.

சித்தி: அந்த நீளக் கம்பு எப்படி இருக்கும் கண்ணு? வாளுக்குப் பதில் அதைச் செய்யலாமா?

அக்கா: நம் தொரட்டியை நினைத்துக்கொள்ளுங்கள் சித்தி. வேலி கழிக்கும் வளைந்த அரிவாளைக் கனமாக அடித்து நீளக் கம்பில் மாட்டினால் அது போர்க் கருவி. கிட்டத்தட்ட அந்த வடிவம்தான். ஆனால் அதையும் சந்தைக்குக் கொண்டுபோக முடியாது, வீட்டுச் சுவரில் சாத்திவைத்தது போல மேடையில் காட்டலாம். உங்கள் வாளைக்கூட வசதியான ஒரு வீட்டில் மாட்டிவிடலாம், வீணாகாது.

அத்தை: கத்தி மட்டும் எப்படிச் சந்தைக்குப் போகலாம்?

அக்கா: அது சாப்பாட்டுக் கத்தி அத்தை. அங்கே அப்போது சாப்பாட்டு மேசையில் முள்கரண்டி கிடையாது, விருந்துக்குப் போனாலும் அவரவர் கத்தியை அவரவர்தான் கொண்டுபோக வேண்டும். ரொட்டி வெட்டுவது, இறைச்சி அறுப்பது, கயிறு அறுப்பது எல்லாம் அதே கத்தி. பெண்களும் இடுப்புக் கச்சையில் தொங்கவிட்டிருப்பார்கள்.

அக்கா: எனக்கு மனம் கனத்துப்போன இடமும் இதுதான். லண்டனில் 1300 முதல் 1340 வரை நடந்த 142 கொலைகளின் மரண விசாரணைப் பதிவேடுகளைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வரைபடமாகப் போட்டிருக்கிறார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு கத்தியால் நடந்தவை. வாரத்தில் அதிகம் நடந்த நாள் ஞாயிறு. வேலை இல்லை, குடி, சூதாட்டம், ஒரு வார்த்தை தடித்தால் கை இடுப்புக்குத்தான் போகும். காலையில் ரொட்டி நறுக்கிய அதே கத்தி. குத்துப்பட்டவனை அன்று காப்பாற்ற வழியும் குறைவு, காயம் சீழ் பிடித்துச் சில நாள் கிடந்து செத்தவர்கள் உண்டு.

மாமா: விசாரணை யார் செய்தது?

அக்கா: 1194 முதல் அதற்கென்று கொரோனர் என்ற அதிகாரி. ஊர்க்காரர்களை நடுவர்களாகக் கூட்டி, பிணத்தைப் பார்த்து, காயத்தின் நீளம் ஆழம் எல்லாம் எழுத வேண்டும். அப்புறம் கொன்ற பொருளுக்கு விலை போட வேண்டும். கத்தியானாலும் சரி, ஆள் மேல் ஏறிய வண்டியானாலும் சரி, அந்த மதிப்பு அரசனுக்குச் சேர வேண்டும். அந்த வழக்கத்தை 1846இல்தான் எடுத்தார்கள்.

மாமா: நாங்களும் மகஜரில் காயத்தையும் கத்தியின் நீளத்தையும் எழுதுவோம். ஆனால் விலை எழுதியதில்லை. ஒரு குடும்பத்துக்கு வண்டியும் போய் ஆளும் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சித்தி: அக்கா நான்தான், அம்மா போனில் இருந்து. எனக்குக் கத்தி வேண்டாம், வில் கிடைக்குமா? நாடகத்தில் நாங்கள் கால்பந்து விளையாடுகிற மாதிரியும் ஒரு காட்சி இருக்கிறது.

அக்கா: வில் ஊர்ப் பையன்கள் நிஜமாகவே பழகியதுதான் தம்பி. 1363இல் மூன்றாம் எட்வர்டு, பண்டிகை நாளில் திடமான ஆண்கள் எல்லோரும் வில் பழக வேண்டும் என்று ஆணையிட்டார். அதோடு கால்பந்து, கைப்பந்து, சேவல் சண்டை எல்லாவற்றுக்கும் தடை, விளையாடினால் சிறை. அப்போது பிரான்சோடு நூறாண்டுப் போர், அரசனுக்கு வில்லாளிகள் நிறையத் தேவை. வில் திடீரென்று வந்துவிடாது, சிறு வயதிலிருந்து இழுத்து இழுத்துத்தான் தோள் பழகும்.

சித்தி: ஞாயிற்றுக்கிழமை கால்பந்து விளையாடினால் ஜெயிலா?

அக்கா: ஆமாம். ஆனால் உன் நாடகம் 1340, அந்த ஆணைக்கு முன்னால். தைரியமாக விளையாடு. கத்தியை மட்டும் உறையோடு கட்டிக்கொள்.

அத்தை: உறைக்குப் பழைய கைப்பையின் தோல் என்னிடம் இருக்கிறது. மாமா சாயங்காலம் கொண்டுவருவார்.

மாமா: அப்படியே வாசல் காவலுக்கு ஆறு பையன்களை நிறுத்தச் சொல்லி வாத்தியாரிடம் கேளுங்கள்.

[மாலை 7:40]

சித்தி: உறை தைத்துவிட்டேன் அண்ணி, கத்தி அட்டைதான். அதை இடுப்பில் கட்டிக்கொண்டே சாப்பிட உட்கார்ந்திருக்கிறான், தோசையை அதால் வெட்டப் பார்க்கிறான்.

[படம்]