ராத்திரி முழுக்க ஏர்போர்ட் ஃபர்ஸ்ட் கிளாஸ் லவுஞ்ச்லயே தங்கலாமா, இல்ல ஹோட்டல் ரூம் போடணுமா? அம்மாவோட போறேன்

ஜன்னலோர சீட்:

வணக்கம் மக்களே. ரொம்ப வருஷமா சேத்து வச்ச மைல்ஸ் (ஏர்லைன்காரங்க தர்ற பாயிண்ட்) எல்லாத்தையும் போட்டு எனக்கும் அம்மாவுக்கும் ஃபர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட் எடுக்கலாம்னு இருக்கேன். அம்மா இதுவரைக்கும் எகானமியில மட்டும்தான் போயிருக்காங்க, முட்டி ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச மாசம்தான் ஆகுது, காலைத் தொங்கப் போட்டு ரொம்ப நேரம் உக்காந்தா வீங்கிடுது, அதான் இந்தத் தடவையாவது நல்லா படுத்துட்டே வரட்டும்னு ஆசை. மைல்ஸ்ல சீட் காட்டுறது ரெண்டே வழிதான், ஒண்ணு ஹாங்காங் வழியா கேத்தே பசிபிக், இன்னொண்ணு துபாய் வழியா எமிரேட்ஸ். ரெண்டுலயுமே ராத்திரி பதினொரு மணி வாக்குல இறங்கி காலையில எட்டு மணிக்கு மேலதான் அடுத்த ஃப்ளைட்.

ஃபர்ஸ்ட் கிளாஸ் லவுஞ்ச் போட்டோ எல்லாம் பாத்தா அரண்மனை மாதிரி இருக்கு, அங்கயே ராத்திரியை ஓட்டிடலாம்னு தோணுது, அம்மாவும் வெளிய போய் வர அலைச்சல் வேணாம்னுதான் சொல்றாங்க. ஆனா படுக்க நெஜமாவே கட்டில் இருக்குமா இல்ல சோபாதானா? ராத்திரி பூரா உள்ள இருக்க விடுவாங்களா? போயிட்டு வந்தவங்க யாராவது சொல்லுங்களேன், டிக்கெட் சீக்கிரம் போட்டாகணும், சீட் போயிடும்.

நடுநிசிப் பயணி:

முதல்ல பாக்க வேண்டியது சோபாவா கட்டிலாங்கறது இல்லங்க, அந்த லவுஞ்ச் ராத்திரி திறந்திருக்குமாங்கறதுதான். நிறைய பேர் இதை யோசிக்கறதே இல்ல, அவ்ளோ காஸ்ட்லி டிக்கெட்டுக்கான லவுஞ்ச் எப்பவும் திறந்துதான இருக்கும்னு நினைச்சுக்கறாங்க. அப்படி கிடையாது.

ஹாங்காங்கையே எடுத்துக்கோங்க. அங்க கேத்தேவோட 'தி பியர் ஃபர்ஸ்ட்'னு ஒரு லவுஞ்ச், 63ஆம் கேட் பக்கத்துல. 2015ல புதுப்பிச்சுத் திறந்தாங்க. என்னைக் கேட்டா உலகத்துலயே மனசுக்கு இதமான லவுஞ்ச் அதுதான், மினுமினுப்பு இல்லாம ஒரு நல்ல வீட்டு ஹால் மாதிரி இருக்கும், உக்காந்த இடத்துக்கே சாப்பாடு வரும், காலுக்கும் தோள்பட்டைக்கும் மசாஜ் பண்ணி விடுவாங்க, அதுக்குத் தனியா காசு கிடையாது. படுக்கறதுக்கு 'டே சூட்'னு 8 சின்ன அறைகள் வரிசையா இருக்கு, ஒவ்வொண்ணுலயும் ஒரு நீளமான மெத்தை, எதுத்தாப்புல கண்ணாடி வழியா வெளிச்சம், வாசலுக்குத் திரைச்சீலை. பகல்ல ரெண்டு மூணு மணி நேரம் கண்ணசர அதை அடிச்சுக்க எதுவும் இல்ல. ஆனா நடுராத்திரி தாண்டினதும் லவுஞ்சையே மூடிருவாங்க, விடிகாலையிலதான் மறுபடி திறப்பாங்க. நீங்க இறங்கி, செக்யூரிட்டி தாண்டி, அம்மாவை மெதுவா கூட்டிட்டு அந்தக் கோடி வரைக்கும் போய்ச் சேரும்போது கிளம்பச் சொல்ற நேரம் வந்துரும். அப்புறம் விடியற வரைக்கும் கேட் பக்கத்து நாற்காலிதான், அதுவும் முட்டி வலியோட.

ஐரோப்பா இன்னும் மோசம். ஜூரிக்ல ஈ கேட் பக்கம் ஸ்விஸ் ஏர்லைன்ஸோட ஃபர்ஸ்ட் லவுஞ்ச் இருக்கு, அதுக்குள்ள ஹோட்டல் ரூம் மாதிரியே கட்டில் போட்ட ரெண்டு ரூம், வெளிய மாடியில நின்னா ரன்வே முழுசா தெரியும். ஆனா அந்த ஏர்போர்ட்லயே ராத்திரி விமானம் ஏறி இறங்கத் தடை இருக்கு, அதனால லவுஞ்சும் ராத்திரி பூட்டிருவாங்க. கட்டில் இருந்தும் ராத்திரி தூங்க முடியாது! ஃப்ராங்க்ஃபர்ட்லயும் இதே கதைதான், லுஃப்தான்சா 2004ல ஃபர்ஸ்ட் கிளாஸுக்குன்னே தனி டெர்மினல் கட்டிச்சு, குளியல் தொட்டி, படுக்கற ரூம், விமானத்து வாசல் வரைக்கும் கார்ல கொண்டு போய் விடறதுன்னு அமர்க்களமா இருக்கும், ஆனா ராத்திரி 11லேர்ந்து காலை 5 வரைக்கும் அங்க விமானப் போக்குவரத்துக்குத் தடை, அப்புறம் யாருக்காக திறந்து வைப்பாங்க.

அதனால ராத்திரி தங்கறதுன்னா ராத்திரி பூரா விமானம் ஓடற ஊரா பாருங்க. துபாய், தோஹா, சிங்கப்பூர். உங்களுக்கு இருக்கற ரெண்டுல துபாய்தான். அங்க எமிரேட்ஸ் ஃபர்ஸ்ட் லவுஞ்ச் 24 மணி நேரமும் திறந்திருக்கும்.

கண்மூடினால் போதும்:

மேல சொன்னது அத்தனையும் சரி, ஆனா துபாய்ன்னா உடனே லவுஞ்ச்லயே படுத்துக்கலாம்னு முடிவு பண்ணிடாதீங்க. நான் அங்க ராத்திரி தங்கியிருக்கேன். கான்கோர்ஸ் ஏங்கற கேட் கட்டடம் முழுக்க ஒரு மாடியையே ஃபர்ஸ்ட் லவுஞ்சா வச்சிருக்காங்க, நடக்க நடக்க முடியவே முடியாது, அவ்ளோ பெருசு. எவ்ளோ கூட்டம் வந்தாலும் காலி சோபா கிடைக்கும். ஆனா தூங்கறதுக்குன்னு இருக்கற அமைதி ரூம்ல கட்டில் கிடையாதுங்க, சாய்ஞ்சு படுக்கற நாற்காலிதான், தலையணையும் போர்வையும் தருவாங்க, விளக்கைக் குறைச்சு வச்சிருப்பாங்க. எனக்கு முதுகு ஒத்துக்கிச்சு, ஆனா பக்கத்து நாற்காலிக்காரர் போன் அலாரம் ரெண்டரை மணிக்கு அடிக்க ஆரம்பிச்சுது, அவர் எழுந்து போனதும் இன்னொருத்தர் வந்தார், சக்கரப் பெட்டியை இழுத்துட்டு, இருட்டுல போன் டார்ச் அடிச்சு இடம் தேடிட்டு. இப்படியே விடிஞ்சிருச்சு. ஊழியர்கள் மேல ஒரு குறையும் சொல்ல முடியாது, நான் புரண்டு படுத்ததைப் பாத்துட்டு இன்னொரு போர்வை கொண்டு வந்து காலுக்குப் போத்தி விட்டாங்க ஒரு அம்மா, அந்த அக்கறை மறக்கவே மறக்காது.

ஒண்ணு புரிஞ்சுக்கணும். துபாய், தோஹா மாதிரி ஊர்கள்ல நடுராத்திரிதான் பரபரப்பான நேரம். கிழக்கேர்ந்து வர்ற விமானம் எல்லாம் நள்ளிரவை ஒட்டி வந்து இறங்கும், மேற்க போறது எல்லாம் ரெண்டு மூணு மணியிலேர்ந்து கிளம்பும். ஏர்லைன்காரங்க கனெக்‌ஷன் கிடைக்கணும்னே அப்படி அடுக்கி வச்சிருக்காங்க. மத்த ஊர்ல ஏர்போர்ட் தூங்கற நேரத்துல அங்க திருவிழா. நமக்குத் தூக்கம் வர்ற நேரமும் அதுதான்.

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன்னு சொல்றீங்க. நாற்காலி எவ்ளோ சாய்ஞ்சாலும் ஒருக்களிச்சுப் படுக்க முடியாது, காலுக்கு அடியில தலையணை வச்சா சரிஞ்சு சரிஞ்சு போகும். கட்டில்தான் வேணும். டெர்மினல் 3 உள்ளேயே துபாய் இன்டர்நேஷனல் ஹோட்டல்னு ஒண்ணு இருக்கு, இமிக்ரேஷன் தாண்டாமலே போய்ப் படுக்கலாம், விசா பிரச்சினையும் இல்ல. என் யோசனை, இறங்கின உடனே லவுஞ்சுக்குப் போய் சூடா எதாவது சாப்பிட்டுட்டு, குளிச்சுட்டு, நேரா அந்த ஹோட்டல்ல படுத்துடுங்க. காலையில எழுந்து திரும்ப லவுஞ்சுக்கு வந்து டிபன். லவுஞ்சை அனுபவிச்ச மாதிரியும் இருக்கும், அம்மா தூங்கின மாதிரியும் இருக்கும்.

ஜன்னலோர சீட்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, ஹாங்காங் மூடிருவாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது, அந்த டே சூட் போட்டோ பாத்துதான் நான் அந்தப் பக்கமே சாஞ்சிட்டு இருந்தேன். எமிரேட்ஸே ஹோட்டல் தருவாங்கன்னு எங்கயோ படிச்ச ஞாபகம், அது எப்படி? அப்புறம் தோஹான்னு சொன்னீங்களே, அங்க கட்டில் இருக்கா? அந்த வழியிலயும் தேடிப் பாக்கலாம்னு இருக்கேன்.

மைல்ஸ் கணக்குப்பிள்ளை:

எமிரேட்ஸ் தர்றது பேரு 'துபாய் கனெக்ட்'. ஹோட்டல், சாப்பாடு, போக வர வண்டி, விசா தேவைன்னா அதுவும் சேத்து அவங்களே பாத்துப்பாங்க. ஆனா ரெண்டு விஷயம் இருக்கு. இடையில வேற கனெக்‌ஷன் இருந்தும் நீங்களாவே லேட்டான ஃப்ளைட்டைப் பிடிச்சீங்கன்னா கிடைக்காது, வேற வழியே இல்லாம காத்திருக்கறவங்களுக்குத்தான். முன்கூட்டியே பதிவும் பண்ணணும், போய் இறங்கிட்டு கேட்டா நடக்காது. மைல்ஸ் டிக்கெட்டுக்கு உண்டாங்கறதை டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க. கிடைச்சாலும், அது ஊருக்குள்ள இருக்கற ஹோட்டல், இமிக்ரேஷன் வரிசை, வண்டி, திரும்ப செக்யூரிட்டின்னு போக வரவே தூக்கத்துல பாதி கரைஞ்சிடும். ஒன்பது மணி நேர லேஓவருக்கு நான் உள்ள இருக்கற ஹோட்டலுக்குத்தான் ஓட்டு போடுவேன். பதினஞ்சு மணி நேரம்னா வேற கதை.

தோஹாவுல 'அல் சஃப்வா'ன்னு கத்தாரோட ஃபர்ஸ்ட் லவுஞ்ச். உள்ள நுழைஞ்சா மியூசியம்தான், உசரமான கல் சுவர், நடுவுல தண்ணி, பேசினா குரல் எதிரொலிக்கும். அங்க கட்டில் போட்ட தனி ரூம் நெஜமாவே இருக்கு, கதவைச் சாத்திட்டுப் படுக்கலாம். ஆனா கத்தார்ல ஃபர்ஸ்ட் கிளாஸே கொஞ்ச விமானத்துலதான், ஏ380ங்கற ரெண்டு தட்டு பெரிய விமானத்துல 8 சீட்டு, அவ்ளோதான். மைல்ஸ்ல அது ரெண்டு சீட்டு சேந்து கிடைக்கறது குதிரைக் கொம்பு. பிசினஸ் கிளாஸ்ல போனீங்கன்னா அல் சஃப்வா கிடையாது, அல் முர்ஜான் லவுஞ்ச்தான், அதுவும் அழகுதான் ஆனா வேற. அங்கயும் ட்ரான்சிட் பகுதிக்குள்ளேயே ஓரிக்ஸ் ஏர்போர்ட் ஹோட்டல் இருக்கு, நீச்சல் குளத்தோட.

இன்னொண்ணு, ஒரே டிக்கெட்டா போடுங்க. தனித்தனி டிக்கெட்டா போட்டு முதல் ஃப்ளைட் ஃபர்ஸ்ட், ரெண்டாவது எகானமின்னு ஆச்சுன்னா பெரும்பாலான இடத்துல அடுத்து ஏறப் போற ஃப்ளைட்டோட கிளாஸைத்தான் பாப்பாங்க, வந்து இறங்கினதை இல்ல. கேத்தே, கத்தார் எல்லாம் இருக்கற ஒன்வேர்ல்டு கூட்டணி விமானங்கள்ல நீண்ட தூர ஃப்ளைட்டோட கனெக்‌ஷனுக்கு ஒரு சலுகை இருக்கு, ஆனா அடுத்த ஃப்ளைட் அதே நாள்லயோ மறுநாள் காலை 6 மணிக்கு முன்னாடியோ கிளம்பணும். உங்களுது எட்டு மணிக்கு மேலங்கறதால அதுல அடங்காது. தனி டிக்கெட்னா பெட்டியும் நேரா போகாம நடுவுல எடுத்துத் திரும்பப் போட வேண்டி வரலாம், அப்ப இமிக்ரேஷன் தாண்டியே ஆகணும்.

நடுநிசிப் பயணி:

கணக்குப்பிள்ளை சொன்ன பெட்டி விஷயத்துல ஒண்ணு சேத்துக்கறேன். பெட்டி நேரா கடைசி ஊருக்குப் போயிடும்னா ராத்திரி அது உங்க கைக்கு வராது. அம்மாவோட மாத்திரை, முட்டிக்குப் போடற பட்டி, ஒரு மாத்து உடை, உள்ள போடற கம்பளிச் சட்டை எல்லாம் கைப்பையிலயே இருக்கணும். லவுஞ்ச் எல்லாம் ராத்திரியில ஐஸ் பெட்டி மாதிரி குளிரும். முதல் ஃப்ளைட்ல பைஜாமா குடுப்பாங்க, அதை மடிச்சு எடுத்துட்டு வந்துடுங்க, ஹோட்டல்ல அதையே போட்டுட்டுப் படுத்துக்கலாம்.

வீல்சேர் கேக்கறதா இருந்தா ரெண்டு ஃப்ளைட்டுக்கும் கேளுங்க, நடுவுல லவுஞ்சுக்கும் அங்கேர்ந்து ஹோட்டலுக்கும் கூட்டிட்டுப் போகணும்னும் சொல்லி வைங்க. துபாய்ல ஒரு கான்கோர்ஸ்லேர்ந்து இன்னொண்ணுக்கு ரயில் ஏறிப் போக வேண்டி இருக்கும், நடந்து சமாளிக்கற தூரம் இல்ல. வீல்சேர் தள்ளிட்டு வர்றவங்க ஷிஃப்ட் மாறினா மறந்துடறது உண்டு, ஒரு ஏர்போர்ட்ல என் அத்தையை இப்படி லவுஞ்ச் வாசல்ல உக்கார வச்சுட்டுப் போயிட்டாங்க, கடைசி நிமிஷத்துல நாங்களே தள்ளிட்டு ஓடினோம். எத்தனை மணிக்கு எங்க வரணும்னு லவுஞ்ச் ரிசப்ஷன்ல எழுதி வைக்கச் சொல்லுங்க. அப்புறம், நிறைய லவுஞ்ச்ல போர்டிங் அறிவிப்பே வராது, அமைதியா இருக்கட்டும்னு வேணும்னேதான் விட்டுடறாங்க. போன் அலாரம் ஒண்ணு, ஹோட்டல்ல எழுப்பச் சொல்றது ஒண்ணு, ரெண்டும் வேணும்.

கண்மூடினால் போதும்:

குளிக்கறதைப் பத்தி ஒண்ணு. ராத்திரி போன உடனே குளிச்சுடுங்க, காலையில கிளம்பற நேரத்துல ஷவர் ரூமுக்கு வரிசை கட்டி நிப்பாங்க. எமிரேட்ஸ் ஏ380 ஃபர்ஸ்ட் கிளாஸ்ல விமானத்துக்குள்ளயே ஷவர் இருக்கு, ஒருத்தருக்கு 5 நிமிஷம் தண்ணி வரும், கேக்க ஆசையாத்தான் இருக்கும், ஆனா ஆட்டம் குடுக்கற இடத்துல ஈரத் தரையில ஆபரேஷன் பண்ண காலோட அம்மாவை நிக்க விடாதீங்க. தரையிலயே முடிச்சுக்கோங்க. அடுத்த விமானம் ஏ380ஆ இருந்து கான்கோர்ஸ் ஏல நின்னுதுன்னா லவுஞ்ச்லேர்ந்தே நேரா மேல் தட்டுக்கு ஏறிக்கலாம், கேட் வரைக்கும் இறங்கிப் போக வேணாம். அம்மாவுக்கு அதுதான் பெரிய உதவி, எந்தக் கேட்டுன்னு ரிசப்ஷன்லயே கேட்டுக்கோங்க.

ஜன்னலோர சீட்:

துபாயே போட்டுட்டேன், ஒரே டிக்கெட், ரெண்டு சீட்டும் கிடைச்சுது, ரெண்டாவது ஃப்ளைட் ஏ380தான். உள்ள இருக்கற ஹோட்டல்லயும் ரூம் போட்டாச்சு, துபாய் கனெக்ட் பத்தி கேட்டதுல இந்த டிக்கெட்டுக்குக் கிடையாதுன்னுட்டாங்க. வீல்சேர் ரெண்டு ஃப்ளைட்டுக்கும் போட்டிருக்கேன். அம்மாகிட்ட லவுஞ்ச்ல சாப்பிட்டுட்டு ரூம்ல படுக்கப் போறோம்னு சொன்னதும், "நடுராத்திரியில யாரு நமக்கு உக்காத்தி வச்சு பரிமாறுவாங்க"ன்னு கேக்கறாங்க. ஒரு சந்தேகம், சாப்பாட்டுல உப்பு குறைக்கச் சொன்னா அந்த நேரத்துல செஞ்சு தருவாங்களா, இல்ல இருக்கறதைத்தான் சாப்பிடணுமா?

கண்மூடினால் போதும்:

செஞ்சு தருவாங்க. அங்க மெனு கார்டு குடுத்து ஆர்டர் எடுக்கற டைனிங் ஹால் இருக்கு, ராத்திரியிலயும் ஓடும், உக்காந்த உடனேயே சொல்லிடுங்க. விமானத்துல வேணும்னா மட்டும் உப்பு குறைஞ்ச சாப்பாடுன்னு இப்பவே புக்கிங்ல மாத்தி வைங்க, அது கிளம்பறதுக்கு 24 மணி நேரத்துக்கு முன்னாடியே சொல்லியாகணும்.