காட்சித் தியானம்: கண்ணை மூடினால் ஒன்றும் தெரியவில்லை என்பவர்களுக்கு என்ன சொல்வது?

தோபாயோ செபக்குழு:
எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் தோபாயோவில் உள்ள எங்கள் குழுவில் ஏழெட்டுப் பேர். தவக்காலத்துக்கு முன்பே, நற்செய்திக் காட்சிக்குள் கற்பனையால் போய்ச் செபிக்கும், சேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் முறையைத் தொடங்கலாம் என்றிருக்கிறோம். எடுத்திருப்பது மாற்கு 4:35-41, கடலில் புயல் அடங்கும் பகுதி. இரண்டு பேருக்குக் கண்ணை மூடினால் வெறும் இருட்டுதான். இன்னொருவருக்கு சினிமா மாதிரி ஓடுகிறது, ஆனால் முடிந்த பிறகு செபித்த மாதிரியே இல்லை என்கிறார். இயேசு பேசியதாகக் கேட்பது நம் மனம் சொல்வதா, ஆண்டவர் சொல்வதா என்ற கேள்வியும் வந்துகொண்டே இருக்கிறது. எல்லாரும் வேலை முடிந்து வருகிறவர்கள், 40 நிமிடம்தான் கிடைக்கும். எப்படி நடத்துவது?

வழித்துணை:
40 நிமிடம் தாராளம். முழுவதையும் கற்பனைக்கே கொடுத்துவிடாமல் இருந்தால் சரி. இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் நூலில் ஒரு வேளைச் செபத்துக்கு ஒரு மணி நேரம், அதன்பின் திரும்பிப் பார்க்கக் கால் மணி நேரம். நீங்கள் 30, 10 என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் இரவே பகுதியை ஒருமுறை வாசித்துவிட்டு வரச் சொல்லுங்கள். படுத்தபின், ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லும் நேரம் நாளைய செபத்தை நினைத்துவிட்டுத் தூங்கினால் போதும். செபம் தொடங்கும்போது நேராகப் போய் உட்கார வேண்டாம். நாற்காலிக்கு ஓரிரு அடி முன்னால், ஒரு 'விண்ணுலகில் இருக்கிற' சொல்லும் நேரம் நின்று, கடவுள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து வணங்கிவிட்டு உட்கார வேண்டும். இஞ்ஞாசியாரே எழுதி வைத்திருப்பது இது. பலர் விட்டுவிடுகிறார்கள். எம்ஆர்டி ரயிலில் நின்றபடி வந்த உடம்பு அப்படியே உட்கார்ந்தால், முதல் பத்து நிமிடம் மனம் இன்னும் ரயிலில்தான் இருக்கும்.

பகுதியை ஒருவர் வாய்விட்டு, மெதுவாக, இரண்டு முறை வாசிக்கட்டும். பிறகு புத்தகத்தையும் கைப்பேசியையும் மூடிவிடுங்கள். காட்சி நடக்கும் இடத்தை மனத்தில் அமைக்க மூன்று நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். அடுத்து வேண்டும் அருளைக் கேட்பது, ஒரு நிமிடம். அதன்பின் காட்சியில் இருப்பது சுமார் 18 நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் இயேசுவிடம் நேராகப் பேசுவதற்கு. நண்பன் நண்பனிடமும் ஊழியன் தலைவனிடமும் பேசுவது போல என்பது இஞ்ஞாசியாரின் சொல். கர்த்தர் கற்பித்த அந்த 'விண்ணுலகில் இருக்கிற' செபத்தோடு முடியுங்கள்.

சினிமா ஓடுகிறவர் அந்த ஒரு நிமிடத்தைத் தாண்டிப் போகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. எதற்காக வந்தேன் என்று கேட்காமல் உள்ளே போனால் பார்வையாளராகவே உட்கார்ந்திருப்போம். இந்த வகைச் செபங்களில் கேட்க வேண்டியது, எனக்காக மனிதரான ஆண்டவரை உள்ளூர அறிய வேண்டும், அவரை இன்னும் அன்பு செய்து பின்செல்ல வேண்டும் என்பது. அதைச் சொந்த வார்த்தையில், வாய்விட்டே கேட்கட்டும். பிறகு அவருக்குக் காட்சியில் ஒரு வேலை கொடுங்கள். பெத்லகேம் காட்சியில் இஞ்ஞாசியார் தம்மை ஓர் ஏழைச் சிறு ஊழியனாக்கிக்கொண்டு, அங்கே இருப்பவர்களைப் பார்த்து, அவர்களுக்குத் தேவையானதைச் செய்கிறார். உங்கள் படகில் தண்ணீர் ஏறுகிறது. கையில் பாத்திரம் இருக்கிறதா? யார் பக்கத்தில் நின்று இறைக்கிறீர்கள்? இயேசு எத்தனை அடி தூரத்தில் படுத்திருக்கிறார்? அவரை எழுப்பப் போவது யார்?

மனதைத் தொடும் இடம் வந்ததும் அங்கேயே நின்றுவிட வேண்டும். இயேசு தலைவைத்துத் தூங்கும் தலையணையைத் தாண்டவே முடியவில்லையென்றால், புயல் அடங்குவதைப் பார்க்காமலே செபம் முடியலாம். அடுத்த நாள் அதே இடத்துக்குத் திரும்பி வருவதும் இந்த முறையின் பாகம்தான்.

இருட்டு மட்டும் தெரிகிறவர்களுக்கு: இரவில் விளக்குப் போடாமல் எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கிறோமே, அப்போது சமையலறை கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆனால் அலமாரியும் குழாயும் எங்கே என்று கை அறியும். அந்த அறிவு போதும். பெத்லகேம் வழியைப் பற்றி இஞ்ஞாசியார் கேட்பவையே அளவுகள்தான்: எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், சமதரையா, மேடு பள்ளமா, குகையின் கூரை தாழ்வா உயரமா? நிறமும் முகமும் கேட்கவில்லை. கார்மேல் சபைப் புனிதை அவிலா தெரசாளுக்கு (1515-1582) மனத்தில் உருவம் வரவே வராது. இருட்டில் ஒருவரோடு பேசுகிறவருக்கு ஆள் தெரியாது, ஆனால் ஆள் இருப்பது உறுதியாகத் தெரியும், அப்படித்தான் தமக்கு என்று தம் வரலாற்றில் எழுதுகிறார். அதனாலேயே அவருக்குப் படங்கள் மீது பிரியம். அந்த இருவரும் ஒரு திருப்படத்தைக் கண்திறந்து பார்த்துக்கொண்டே செபிக்கலாம். இல்லையென்றால் ஈரக் கயிறு, பலகையில் வழுக்கும் கால் என்று தொடுவதிலிருந்து தொடங்கட்டும்.

கடைசிப் பத்து நிமிடத்துக்கு இடம் மாறி உட்காரச் சொல்லுங்கள், நடந்தாலும் சரி. மூன்று வரி எழுதினால் போதும். எங்கே மனம் இளகியது, எங்கே வறண்டது, எந்த இடத்திலிருந்து நழுவினேன்.

வேதவாசகன்:
நான் புராட்டஸ்டண்ட் சபை. எங்கள் பக்கம் இதைச் சந்தேகத்தோடு பார்ப்பவர்கள் உண்டு, அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருக்கிறது. வேதத்தில் இல்லாததை நாமே சேர்த்து, பிறகு அதையே விசுவாசித்துவிடக் கூடாது. அதற்கு நல்ல தடுப்பு, வசனத்தை நுணுக்கமாக வாசிப்பதுதான். மாற்கு மட்டும் தரும் விவரங்களைப் பாருங்கள். அவர் 'படவிலிருந்தபடியே' கொண்டுபோகப்பட்டார். நாளெல்லாம் படவில் உட்கார்ந்து போதித்தவர், கரையில் இறங்கவே இல்லை. 'வேறே படவுகளும்' கூட வந்தன. தலையணை இருந்தது. இந்த மூன்றே ஒரு மாலை ஜெபத்துக்குப் போதும்.

பழைய மொழிபெயர்ப்பை வைத்து ஜெபிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 37ஆம் வசனத்தில் 'படவு' என்று வருவது, 38இல் 'கப்பலின் பின்னணியத்தில்' என்று மாறிவிடும். ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் நின்று நங்கூரமிட்ட கப்பல்களைப் பார்த்துப் பழகிய நமக்கு 'கப்பல்' என்றதும் பத்து மாடி உயர இரும்புச் சுவர்தான் எழும்பும். பின்னணியம் என்பது படகின் பின்பகுதி, பின்னணி இசையோடு சம்பந்தமில்லை. 1986இல் வறட்சியால் கலிலேயா ஏரி வற்றியபோது கரைச் சேற்றிலிருந்து அந்தக் காலத்துப் படகு ஒன்று கிடைத்தது. நீளம் 8 மீட்டருக்குச் சற்று மேல், அகலம் 2.3 மீட்டர். நம் ஒற்றைத்தட்டுப் பேருந்து 12 மீட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் பதின்மூன்று பேரை வையுங்கள், தூங்குகிறவரின் காலை மிதிக்காமல் தண்ணீர் இறைக்க முடியாது. காற்றுக்கு நம்மிடமே சரக்கு உண்டு. விடியற்காலையில் சுமத்திரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று, மழைக்கு முன் திடீரென்று குளிர்ந்து, கழியில் காயும் துணியைப் படபடவென்று அடிக்குமே, அந்த முதல் அரை நிமிடம்.

வழித்துணை:
வேதவாசகன் ஐயா சொன்ன படகு அளவை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆராய்ச்சியை முந்தைய நாளே முடித்துவிட வேண்டும். செப நேரத்தில் அந்தப் படகு எந்த மரத்தில் செய்தது என்று யோசிப்பதும் ஒரு பராக்குதான். இடம் பிசகினாலும் குற்றமில்லை. வீரமாமுனிவர் சேசு சபைத் துறவி, இந்தப் பயிற்சிகளில் வளர்ந்தவர். தேம்பாவணி என்ற தம் காப்பியத்தில் அவர் காட்டும் யூதேயாவில் நம் மருத நிலத்து வளமெல்லாம் இருக்கும்.

குரல் பற்றிய கேள்விக்கு: அந்த நேரத்தில் பிரித்துப் பார்க்கவே முயலாதீர்கள். முயன்றால் செபம் நின்று விசாரணை தொடங்கிவிடும். இயேசுவுக்கு வசனம் எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். அவர் பேசாமல் இருந்தால் பேசாமலே இருக்கட்டும். கேட்டதைத் திரும்பிப் பார்க்கும்போது எழுதிவைத்துப் பிறகு சோதியுங்கள். தொடக்கம், நடு, முடிவு மூன்றும் நல்லதை நோக்கிப் போகிறதா? நடுவில் எங்காவது கலக்கமோ தற்பெருமையோ நுழைந்ததா? நன்மையில் வளரும் ஆன்மாவை நல்ல ஆவி தொடுவது பஞ்சில் நீர்த்துளி இறங்குவது போல, தீய ஆவி தொடுவது கல்லில் நீர் விழுந்து தெறிப்பது போல என்கிறார் இஞ்ஞாசியார். வேலையை விடு, இன்னாரோடு பேசாதே என்பது மாதிரிக் கட்டளைகள் கேட்டால், ஒரே செபத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. மனம் வறண்டு சோர்ந்திருக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றவும் கூடாது. இதற்கு ஆன்ம வழிகாட்டி தேவை. கிங்ஸ் ரோட்டில் உள்ள புனித இஞ்ஞாசியார் ஆலயம் சேசு சபையார் பங்கு, அங்கே விசாரித்துப் பாருங்கள்.

கார்மேல் வாசல்:
ஒன்று விடுபட்டிருக்கிறது. உருவம் வராதவர்களில் சிலருக்கு அது குறையாக இல்லாமலும் இருக்கலாம். செபத்தில் உருவமே கூடாது என்று 4ஆம் நூற்றாண்டுத் துறவி எவாக்ரியுஸ் சொன்னார், இயேசுவின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் கீழைத் திருச்சபைகளின் இயேசு செபம் இன்றும் அந்த வழியில்தான் போகிறது. தெரசாளின் காலத்துக் கார்மேல் துறவியான சிலுவையின் புனித யோவான் உருவத்தோடு தியானிப்பதை ஏற்கிறார், எப்போது விட வேண்டும் என்பதற்கு மூன்று அடையாளங்களும் தருகிறார். முன்பு சுவைத்த தியானம் இப்போது முடியவும் இல்லை, சுவைக்கவும் இல்லை. வேறு எதிலும் மனத்தை வைக்கும் ஆசையும் இல்லை. கடவுளை அன்போடு நோக்கியபடி சும்மா இருப்பதே பிடிக்கிறது. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் அது களைப்பாகவோ அசட்டையாகவோ இருக்கலாம். செபம் வறண்டுபோய், கைப்பேசியைத் தேடும் ஆசை மட்டும் பெருகியிருந்தால் இரண்டாவது அடையாளம் இல்லை என்று பொருள். அவரைக் காட்சிக்கே திருப்பி அனுப்புங்கள்.

தோபாயோ செபக்குழு:
மிக்க நன்றி. அடுத்த வாரமே தொடங்குகிறோம். தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளின் காட்சிக்கு, அதாவது அவர் துன்பப்பட்டுச் சிலுவையில் இறக்கும் பகுதிக்குப் போகலாமா? குழுவில் ஒருவர் சமீபத்தில் துணைவரை இழந்தவர்.

வழித்துணை:
அவரைக் கல்வாரிக்கு அழைத்துப் போகாதீர்கள், அவர் கேட்காதவரை. நான்கு 'வாரங்களாக'ப் பிரித்த ஆன்மிகப் பயிற்சிகளில் பாடுகள் வருவது மூன்றாம் வாரத்தில்தான், அதற்கு முன் இயேசுவோடு நெடுநாள் நடந்து பழக வேண்டும். உங்கள் குழுவும் பர்த்திமேயு, சக்கேயு, பெத்தானியா வீடு என்று ஐந்தாறு காட்சிகளைக் கடந்தபிறகு போகட்டும். வன்முறையோ மரணமோ அருகில் கண்டவர்களுக்கு அடிகளையும் காயங்களையும் ஒவ்வொன்றாகக் கற்பனை செய்யச் சொல்வது பழைய ரணத்தைக் கிளறிவிடும். மூச்சு முட்டினால், உடம்பு நடுங்கினால், உடனே கண்ணைத் திறந்து காலைத் தரையில் ஊன்றி, அறையில் இருக்கும் பொருள்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அன்றைக்கு அதோடு நிறுத்திவிடலாம். இதை முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.

அவருக்கு லூக்கா 24 பொருந்தும். இயேசு இறந்த துயரத்தோடு எம்மாவு வழியில் நடக்கும் இரு சீடரோடு, உயிர்த்த இயேசுவே மூன்றாவது ஆளாக வந்து சேர்ந்து, என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்கிறார். இடம் அமைக்க ஒரு சாலையும் சாயும் வெயிலும் போதும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்கு 18 நிமிடத்தையும் விட்டுவிடுங்கள்.