அடுத்த டிஸ்க் கேட்டதும் நின்றுபோன கேம்கள்

அட்டன்காரன்:
ஃபைனல் ஃபேண்டசி 7, பழைய பிளேஸ்டேஷனில். 3 டிஸ்க். டவுனில் வாங்கிய கள்ளக் காப்பிதான். நாயகி ஏரித் சாகும் இடம் எல்லோருக்கும் தெரியும்தானே? நாயகன் கிளவுட் அவளைத் தண்ணீரில் விடுகிறான், பக்கத்து லயத்துப் பிள்ளைகள் எல்லாம் மூச்சுவிடாமல் பார்க்கிறார்கள். சேவ் பண்ணியாச்சு, இரண்டாவது டிஸ்க் கேட்கிறது. போட்டால் ஏற்கவில்லை. திரும்பத் திரும்ப அதே கேள்வி. கடைக்காரன் முதல் டிஸ்க்கையே இரண்டு தரம் எழுதி, ஒன்றின் மேல் மார்க்கரால் 2 போட்டிருக்கிறான்! மீதிக் கதையை யூடியூப் வந்த பிறகுதான் பார்த்தேன்.

பண்டாரவளைப் பனி:
ரெசிடன்ட் ஈவில் 2. கதையில் இரண்டு பேர், லியனுக்கு ஒரு டிஸ்க், கிளேருக்கு ஒரு டிஸ்க். லியனை முடித்து, அந்த சேவோடு கிளேர் டிஸ்க்கைப் போட்டால்தான் கதையின் மறுபக்கம் வரும். நான் லியனை முடித்த அன்று கிளேர் டிஸ்க் கொழும்பில், வெள்ளவத்தையில். வேலைக்குப் போன மச்சான் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவனிடம் பிளேஸ்டேஷனே கிடையாது, அதுதான் இன்னும் புரியவில்லை.

நானுஓயா:
அட்டன்காரன் தம்பி, அது காப்பியின் குறை, டிஸ்க்கைக் குறை சொல்லாதீங்க. ஒரு சீடியில் 700 எம்பி போல்தான் பிடிக்கும், அதனால்தான் மூன்று டிஸ்க். ஃபைனல் ஃபேண்டசி 7இன் கேம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான், இடத்தைத் தின்பது வீடியோ. எனக்கும் ஒரு டிஸ்க் பூஞ்சணம் பிடித்துப் போனது, அது கிடக்கட்டும். நம்ம ஊர் ஈரத்துக்கு டிஸ்க்கைச் சுவரோரம் வைக்கவே கூடாது. மூடி இறுக்கமான டப்பாவில், சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். துடைத்தால் நடுவிலிருந்து விளிம்புக்கு, வட்டமாக வேண்டாம். பற்பசையும் வேண்டாம். இப்போதே எல்லா டிஸ்க்கையும் இமேஜாக, அதாவது கம்ப்யூட்டரில் முழு நகல் கோப்பாக எடுத்து, அந்தப் பெயர்களை ஓர் எம்3யு (பட்டியல்) கோப்பில் வரிசையாக எழுதிவிட்டால், எமுலேட்டரில் (பழைய கேம்களை கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள்) டிஸ்க் மாற்றுவது மெனுவில் ஒரு தட்டுத்தான்.

அட்டன்காரன்:
அண்ணன், அந்தக் காலத்தில் ஒரிஜினல் விற்ற கடை ஒன்றை நம்ம பக்கம் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

பதுளைக்காரி:
பற்பசை எனக்கு ஒருதரம் வேலை செய்தது, சும்மா சொல்கிறேன். நான் சொல்ல வந்தது ஜிடிஏ 5, 2015இல் கம்ப்யூட்டருக்கு வந்தது. 7 டிவிடி! என் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினான். கடைசி டிவிடி ஓடும்போது மழை, இடி, கரண்ட் போனது. கரண்ட் வந்து, முதலிலிருந்து ஏற்றி முடித்தால், இன்டர்நெட்டில் அப்டேட் இறக்கச் சொல்கிறது. வீட்டில் இருந்ததோ அளவாக டேட்டா வரும் டொங்கல், அதிலும் மாதக் கடைசி. அண்ணன் ஒன்றும் பேசவில்லை, கேரம் போர்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.