மலிவான பர் கிரைண்டர்: வாங்கியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

டபரா:
இதுவரை மிக்ஸியின் சட்னி ஜாரில்தான் காபிக்கொட்டை அரைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் ஏற்காட்டிலிருந்து நண்பர் அரைக்கிலோ வறுத்த கொட்டை கொண்டுவந்தார். பொட்டலத்தைப் பிரித்ததும் வீடே மணந்தது. அரைத்துப் பில்டரில் போட்டால் டிகாக்ஷன் தண்ணியாகவும் இருந்தது, கசக்கவும் செய்தது. இரண்டும் ஒரே டம்ளரில் எப்படி என்று புரியாமல் பொடியை வெள்ளைத்தாளில் கொட்டிப் பரப்பிப் பார்த்தேன். பாதி மைதா மாவு, பாதி கோதுமை ரவை, நடுவே அரையும் குறையுமாய் உடைந்த கொட்டைகள் வேறு. மாவு பில்டர் ஓட்டைகளை அடைக்கிறது, அதோடு அதில்தான் கசப்பெல்லாம் இறங்குகிறது. ரவையிலிருந்து ஒன்றும் இறங்குவதில்லை.

மிக்ஸி பிளேடு கொட்டையை அடித்து நொறுக்குகிறது, அவ்வளவுதான். பர் கிரைண்டர் நம் திருகை மாதிரி. இரண்டு பல் பரப்புகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளியோ அந்த அளவுக்கு உடைந்தால்தான் கொட்டை கீழே இறங்கும். இதுவரை படித்துத் தெரிந்துகொண்டேன். எதை வாங்குவது என்றுதான் தெரியவில்லை. பட்ஜெட் ஆறாயிரம், இழுத்தால் ஏழு. வீட்டில் காபி குடிப்பவர்கள் இருவர்.

குளம்பி:
சார், நான் இரண்டு முறை பணம் கட்டிப் படித்த பாடம் இது. முதலில் செராமிக் பர் வைத்த கைமெஷின் ஒன்றை 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். கம்பெனிப் பேர் வேண்டாம், அதே அச்சில் பத்துப் பேரில் விற்கிறார்கள். 20 கிராம் அரைக்க நாலு நிமிஷம் ஆகும். கொஞ்சம் கொரகொரப்பாக வைத்தால் அடிப்பக்க பர் லொடலொடவென்று ஆடும். தண்டை மேலே மட்டும் பிடித்திருக்கிறார்கள், கீழே பிடிப்பே இல்லை, பிறகு ஆடாமல் என்ன செய்யும்? ஆறே மாதத்தில் கைப்பிடியின் ஓட்டை தேய்ந்து வழுக்க ஆரம்பித்தது. அச்சு ஒரு பக்கம் நிற்கும், கைப்பிடி மட்டும் சுற்றும்.

அப்புறம் டைம்மோர் சி2 என்ற கைமெஷினை வாங்கினேன். ஆறாயிரத்துக்குச் சற்றுக் கீழே வந்தது. 38 மில்லிமீட்டர் ஸ்டீல் பர், தண்டு ஆடாமல் இருக்க பேரிங் உண்டு. அதே 20 கிராம் ஒரு நிமிஷத்தில் முடிகிறது. அடியிலுள்ள திருகாணியை முழுக்க இறுக்கிக் கைப்பிடி நகராத இடத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து 'டிக் டிக்' என்று எண்ணித் தளர்த்த வேண்டும். என் வீட்டுப் பில்டருக்கு 13 சரியாக வருகிறது, வி60 (காகிதம் வைத்து வெந்நீர் ஊற்றி வடிக்கும் கூம்பு) போட்டால் 22. உங்கள் கொட்டைக்கு ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம். ஒரு தடவைக்கு 20, 25 கிராம்தான் கொள்ளும். இருவருக்கு அது போதும். விருந்தாளி வந்தால் மூன்று தடவை போட்டுச் சுற்ற வேண்டும், அப்போது கொஞ்சம் எரிச்சல் வரும்.

விடியக்காலைக் காபி:
எங்கள் வீட்டில் ஆறு பேர். தினம் 60, 70 கிராம் வேண்டும். கையால் சுற்றிச் சுற்றித் தோள்வலி வந்ததுதான் மிச்சம். மின்சாரத்தில் ஓடுவது வாங்கலாமென்று 'பர்' என்று எழுதியிருந்த ஒன்றை மூவாயிரத்துக்கு வாங்கினேன். திறந்து பார்த்தால் உள்ளே பல்லே இல்லை. மழுங்கிய தகடு இரண்டு கொட்டையை நசுக்குகிறது, பொடி மிக்ஸியில் அரைத்ததைவிட மோசம். திருப்பி அனுப்பப் பத்து நாள் அலைந்தேன். அதனால் சொல்கிறேன் அண்ணா, மேல்மூடியைக் கழற்றி பர் தெரிகிற மாதிரி எடுத்த படம் கேளுங்கள். படம் தர மாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள்.

கடைசியில் பராட்ஸா என்கோர் என்ற மின்சாரக் கிரைண்டர், அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கையில் கொடுத்தனுப்பச் சொல்லி வாங்கினேன். 40 மில்லிமீட்டர் கூம்பு பர், நைஸிலிருந்து கொரகொரப்பு வரை 40 படிகளில் மாற்றி வைக்கலாம். நான்கு வருஷமாக ஓடுகிறது. உதிரிப்பாகங்களைத் தனித்தனியாக வாங்க முடிவதுதான் இதில் எனக்குப் பிடித்தது. உங்கள் பட்ஜெட்டுக்கு இது வராது, இரண்டு பேருக்குத் தேவையும் இல்லை.

சிக்கரி கட்சி:
எல்லோரும் கோபப்படுவீர்கள். இருந்தாலும் சொல்கிறேன்: 70க்கு 30 சிக்கரி போட்டுக் குடிக்கிற வீட்டுக்கு ஆறாயிரம் ரூபாய் மெஷின் எதற்கு? கடைக்காரர் கண்முன்னே வறுத்து அரைத்துத் தருகிறார். அந்தப் பெரிய மெஷின்தான் நீங்கள் தேடுகிற பர். வாரம் 200 கிராம் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் போதும். பொட்டலப் பொடி வாங்குபவர்கள் அட்டையைப் படியுங்கள். 51 சதவீதம் காபி இருந்தாலே நம் நாட்டில் காபி-சிக்கரிக் கலவை என்று விற்கலாம். மிச்சமெல்லாம் சிக்கரிதான்.

குளம்பி:
சிக்கரி போடும் வீடென்றால் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் பொடியின் மணம் அரைத்த அன்றே இறங்க ஆரம்பித்துவிடுகிறது, கொட்டையாக இருந்தால் இரண்டு மூன்று வாரம் தாங்குகிறது. டபரா சாரிடம் கொட்டை இருக்கிறது, அதை என்ன செய்வது? இன்னொன்று, தப்பித்தவறிக்கூடச் சிக்கரியைக் கிரைண்டருக்குள் போட்டுவிடாதீர்கள். ஈரம் பட்டால் பாகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அரைத்த பொடியோடு தனியாகக் கலந்தால் போதும். சிக்கரி போடாமல் குடிப்பவர்கள் ஒரு டிக் நைசாக வைக்கலாம், இல்லையென்றால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும்.

பாட்டி வீட்டு மெஷின்:
மேசை விளிம்பில் திருகிப் பொருத்துவார்களே, மேலே புனல், பக்கத்தில் நீளக் கைப்பிடி, அந்த வார்ப்பிரும்பு மெஷின் எங்கள் பரணில் இருந்தது. அதுவும் பர்தான்! முன்பக்கத்துத் திருகாணியில் நைஸும் கொரகொரப்பும் வைக்கலாம். சின்ன வயதில் அதைச் சுற்றுவது பிள்ளைகள் வேலை. சுற்றி முடித்தால் பாலில் இரண்டு சொட்டு டிகாக்ஷன் விட்டுத் தருவாள் பாட்டி. துருவைச் சுரண்டித் துடைத்து, ஆசையாகக் கொட்டை போட்டு அரைத்தேன். முதல் வாய் காபியில் நெடி ஏறிப் புரை போயிற்று. அம்மாவைக் கேட்டால், "அதில்தான் இருபது வருஷமாக மிளகு அரைத்தோம்" என்கிறாள். நாலைந்து முறை பழைய கொட்டையை அரைத்துக் கொட்டியும் மிளகு போகவில்லை. இப்போது ரசப்பொடிக்கு வைத்திருக்கிறேன்.

டபரா:
எல்லோருக்கும் நன்றி. சி2 வாங்கிவிட்டேன், வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. முதல் நாள் பொடியெல்லாம் டப்பாவின் சுவரில் ஒட்டிக்கொண்டு, தட்டினால் மேடை முழுக்கப் பறந்தது. கரண்டிக் காம்பை நனைத்து உதறிவிட்டு, அந்த ஈரத்தோடு கொட்டையை ஒரு கிளறு கிளறினால் ஒட்டுவதில்லை. பர்ரைத் தண்ணீரில் கழுவுவதில்லை, துருப் பிடிக்கும். சின்னப் பிரஷ்ஷால் தட்டிவிடுகிறேன். 11இல் வைத்தபோது டிகாக்ஷன் இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. 14இல் இருபது நிமிஷத்தில் இறங்கிவிட்டது, நுரையும் நிறமும் நன்றாக வந்தன. அங்கேயே வைத்திருந்தேன்.

நேற்று சாயங்காலம் பையன் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு "அப்படியே மாட்டிட்டேன்பா" என்றான். இன்று காலை டிகாக்ஷன் ஐந்து நிமிஷத்தில் இறங்கி, டீ மாதிரி இருந்தது. மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன்.