பிக்கப் டேங்கில் சிவப்பு டீசல், எப்படிச் சுத்தம் செய்வது?
டெக்சாஸ் நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். போன வாரம் டீசல் தீர்ந்து என் பிக்கப் நடுவழியில் நின்றுவிட்டது. பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டருக்கு வைத்திருந்த சிவப்பு டீசலில் (பண்ணை வேலைக்கென்று வரியில்லாமல் விற்கும், சாயம் கலந்த டீசல்; ரோட்டில் ஓடும் வண்டிக்கு ஊற்றக்கூடாது) 5 கேலன் ஊற்றிவிட்டார். உதவிய மனிதரைக் குறை சொல்ல முடியாது. வண்டியும் நன்றாகத்தான் ஓடுகிறது. வரிதான் சிக்கல். சாதா டீசல் என்றால் கேலனுக்கு மத்திய வரி 24.4 சென்ட், மாநில வரி 20 சென்ட். ஆக மிச்சமானது 2 டாலர் சொச்சம். ரோட்டில் பிடிபட்டால் மத்திய அபராதமே குறைந்தது 1,000 டாலராம்!

டேங்கை வடித்து ஃபில்டரை மாற்றினால் போதுமா? இல்லை, சாதா டீசலை நாலைந்து முறை நிரப்பி ஓட்டினாலும் சாயம் தெரியுமா? அப்புறம், வடித்ததை அவர் டிராக்டருக்கே கொடுத்துவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். அதுவரை வண்டி வீட்டு வாசலில்தான்.